வாகனம் கேள்வி பதில்: காலை எடுத்தும் விடாத பிரேக்

கேள்வி: என்னுடையது 2012ஆம் ஆண்டு ரொயோட்டா விற்ஸ். காலி வீதி நெரிசலில் கொஞ்ச நேரம் ஓடினாலே முன் இடது சில்லு கொதிக்கிறது, எரிந்த மணம் வருகிறது, கார் இடப்பக்கம் இழுக்கிறது. புது பாட் போட்டும் சரிவரவில்லை. இப்போது இரண்டு கலிப்பரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: பொறுங்கள், இப்போதே கலிப்பர் வாங்க வேண்டாம். சில்லோடு சுற்றும் இரும்பு வட்டை, பாட் எனும் உராய்வுக் கட்டைகளால் இறுக்கிப் பிடிப்பதே கலிப்பர். மிதியை விட்ட பிறகும் பிரேக் ஒயிலின் அழுத்தம் உள்ளே அடைபட்டு நிற்கலாம். அல்லது அழுத்தம் இறங்கியும் கலிப்பரில் ஏதோ ஒன்று இறுகி நிற்கலாம். இதில் எது என்று தெரியாமல் பாகம் மாற்றுவது வீண் செலவு.

சில்லு சூடாகி இறுகியிருக்கும்போதே சோதியுங்கள். ஆறினால் பிரேக் தானாக விட்டுவிடும். கராஜில் "ஒன்றுமில்லையே" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக் அடித்து ஸ்டாண்டில் ஏற்றுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ரயரைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். வட்டைத் தொடாதீர்கள், சுடும். சில்லு அசையாவிட்டால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிக் கலிப்பரின் பின்புறம் உள்ள பிளீடரை (ஒயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) தேடுங்கள். அதில் குழாய் மாட்டி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டு, பிளீடரைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

ஒயில் பீறி வந்து, சில்லும் உடனே விட்டால் அழுத்தம்தான் அடைபட்டிருக்கிறது. ஒரு சில்லில் மட்டும் இப்படி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கலிப்பருக்கு ஒயில் கொண்டுவரும் றப்பர் குழாயான பிரேக் ஹோஸ். உள்றப்பர் ஊதியோ உரிந்தோ வழியை மறித்துவிடும். காலால் மிதிக்கும் பலம் ஒயிலைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வர அந்தப் பலம் இல்லை. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சில்லு சேர்ந்து இறுகினால் மிதியோடு சேர்ந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். மிதியைக் கையால் அழுத்தும்போது எதிர்ப்பு வருமுன் சில மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும்.

பிளீடரைத் திறந்தும் சில்லு விடவில்லையா? இப்போதுதான் கலிப்பரைக் கழற்ற வேண்டும். அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கலிப்பர் நகர உதவும் இரண்டு ஸ்லைட் பின்களும் விரலால் தள்ளினாலே வழுக்க வேண்டும். உங்கள் பகுதிக் கடற்காற்றுக்குப் பின்கள் கறள் பிடிப்பது சாதாரணம். உள் பாட் வெளிப் பாட்டைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். துடைத்து, சிலிக்கன் பிரேக் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிறீஸ் போட்டால் றப்பர் உறை ஊதி, ஸ்லைட் பின் மறுபடி இறுகும். பாட் உட்காரும் இடத்துக் கறளையும் சுரண்டுங்கள். அதைச் செய்யாமல் புது பாட்டை அடித்து இறக்கினால், உங்களுக்கு நடந்ததுபோல, பாட் மாற்றியும் பயனில்லை.

கடைசியாக, கலிப்பருக்குள் பாட்டைத் தள்ளும் பிஸ்டன். பிளீடரைத் திறந்து வைத்து ஜீ கிளாம்பால் தள்ளினால் சீராக உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் வெளியே எடுத்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சீல் கிற் போதும். கறள் குழி விழுந்திருந்தால் பிஸ்டனையோ கலிப்பரையோ மாற்றத்தான் வேண்டும், அதுவும் பழுதான பக்கம் மட்டும். பழைய பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய கலிப்பர் எடுப்பதென்றால் பிஸ்டனைக் கழற்றிப் பார்த்து எடுங்கள். பழைய ஹோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். றப்பர் பாகங்களில் பெற்றோல், மண்ணெண்ணெய் படக்கூடாது.

பின்னர் பிளீடர் வழியே உள்ளிருக்கும் காற்றை எடுத்து, பிரேக் ஒயில் தொட்டியின் மூடியில் எழுதியுள்ள தர ஒயிலையே ஊற்றுங்கள். டொட் 3 தரத்தில் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியது 140 பாகையிலேயே கொதிக்கலாம். இறுகிய பிரேக்கின் சூட்டில் ஒயில் கொதித்தால் மிதி தரைவரை போய்விடும். ஆகவே பழுது தீரும்வரை அந்தக் காரை ஓட்டவே வேண்டாம்.

கேள்வி: மழை நாட்களில் ஹான்ட் பிரேக் போட்டு ஒரு வாரம் நிறுத்திய காரின் பின் சில்லு அசையவில்லை. டிரம் பிரேக்.
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: டிரம்முக்குள் உராய்ந்து நிறுத்தும் லைனர் கறளால் டிரம்மோடு ஒட்டியிருக்கும். எஞ்சினை முறுக்கி இழுக்காதீர்கள், லைனர் கழன்று வரும். ஹான்ட் பிரேக்கை விட்டு, டிரம்மைச் சுற்றிவர றப்பர் சுத்தியலால் தட்டுங்கள். லீவரை இறக்கியும் சில்லுப் பக்கத்தில் கேபிள் இழுக்கும் சிறு கை திரும்பி வராவிட்டால் பழுது பெரும்பாலும் கேபிளில். எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் மாற்றுங்கள். இனி நாள்கணக்கில் நிறுத்தும்போது பார்க் கியரும் சில்லுக்குக் கட்டையும் போதும்.

கேள்வி: ரொயோட்டா அக்குவா ஹைபிரிட்டில் முன் பிரேக் இறுகினாலும் விற்ஸைப் போலவேதான் பார்ப்பதா?
வாசகர், தெஹிவளை

பதில்: ஸ்லைட் பின்னும் பாட் உட்காரும் இடமும் துடைப்பது அதேதான். ஆனால் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்துக்கொள்ளக்கூடும். கலிப்பரைத் தொடுமுன் காரை அணைத்து 12 வோல்ற் பற்றரியைக் கழற்றுங்கள். காற்றெடுக்க ஸ்கானர் வேண்டும். அந்த வேலையை, கருவி உள்ள கராஜிடமே கொடுங்கள்.