காவலர் பயிற்சிக்குப் போகிறேன். உடம்பு ஒல்லி, சண்டைக் கலை எதுவும் தெரியாது. தற்காப்பு வகுப்பைச் சமாளிக்க முடியுமா?

முடியும். 'உடம்பு ஒல்லி' என்ற சொற்களைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் சேர்ந்தபோது 'எழுத்து வேலைக்குப் பொருத்தமான உடம்பு' என்று சிரித்தார்கள்.

தொடக்கத்தில் யாரையும் அடிக்கச் சொல்ல மாட்டார்கள், விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி உருண்டு விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். பிறகு நிற்கும் முறை: எதிராளியின் கைக்கு எட்டாத தூரம், துப்பாக்கி உறை இருக்கும் இடுப்பு பின்னால், இரு கைகளும் மார்பளவில் திறந்தபடி. பார்ப்பவருக்குச் சும்மா பேசிக்கொண்டிருப்பது போலத் தெரியும். கராத்தே தெரிந்தவர்களுக்கு அனுகூலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் எட்ட நின்று அடித்தே பழகியவர்கள், ஆளைப் பிடித்துச் சாய்த்து விலங்கு மாட்டும் இடத்தில் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். தேர்வில், தடித்த பாதுகாப்பு உடை அணிந்த ஒருவர் நிஜமாகவே எதிர்ப்பார். அவரை அடக்கி விலங்கு மாட்ட வேண்டும். எனக்கு வாய்த்தவர் என்னைவிட ஒரு தலை உயரம். முதலில் விழுந்தது நான்தான். எழுந்ததும் மறுபடி தள்ள வந்தார். நீட்டிய கையை மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் பற்றி, அவர் தள்ளிய திசையிலேயே இழுத்தேன். தோள் தரையைத் தொடும்வரை விடவில்லை. குப்புறக் கிடத்தி விலங்கைப் பூட்டியதும், 'மூச்சு விட முடியவில்லை' என்றார். உடனே முதுகிலிருந்து முழங்காலை எடுத்து அவரைப் பக்கவாட்டில் திருப்பினேன். பயிற்றுநர் கொதித்துவிட்டார். 'பேசுகிறான் என்றால் மூச்சு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நடிப்புக்கு இளகிவிட்டாய்' என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்.

அந்த மதிப்பெண்ணை இன்றுவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு சொல் பேசத் துளிக் காற்று போதும். உயிர் வாழப் போதாது. மல்லுக்கட்டி ஓய்ந்த உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகக் காற்று வேண்டும். அந்த நேரத்தில் குப்புறக் கிடத்தி முதுகில் பாரத்தை ஏற்றினால் நெஞ்சும், அதற்குக் கீழே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் விரிய முடியாது. விலங்கு பூட்டியவுடன் ஆளை வயிற்றுப் பக்கத்திலிருந்து திருப்பிவிடுங்கள் என்று 1995-இலேயே அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. அப்படியிருந்தும் 2020-இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸில், காவலர் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஒரு காவலரின் முழங்கால் இருந்தது. அவரும் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

'களத்தில் இறங்கிப் பார், அப்போது பேசு' என்று யாராவது கருத்திடுவீர்கள். இறங்கியிருக்கிறேன். திருப்பிவிட்டால் ஆள் உதைப்பார், உண்மைதான். அதனால்தான் கால் பக்கம் போகாமல் முதுகுப் பக்கம் இருக்கச் சொல்கிறார்கள். விலங்கையும் விரல் நுனி நுழையும் அளவு இடைவெளி விட்டு, மேலும் இறுகாதபடி இரண்டாம் பூட்டைப் போட வேண்டும். இல்லையென்றால் மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும்.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். கவாத்துக்கு, அதாவது அணிவகுப்புப் பயிற்சிக்கு, தினமும் நேரம் உண்டு, அதுவும் வேண்டியதுதான். ஆனால் பயிற்சி முடிந்து பணியில் சேர்ந்தபின் இந்தப் பிடிகளைத் தொட்டுப் பார்க்க எங்களுக்கு ஒரு வகுப்புகூட வைக்கவில்லை. நாங்கள் சிலர் விடுமுறை நாளில் சொந்தச் செலவில் விரிப்பு வாங்கிப் பழகினோம். அதற்கும் 'அனுமதி பெற்றீர்களா' என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

சேர்வதற்கு முன் நேரம் கிடைத்தால் ஜூடோவோ மல்யுத்தமோ கொஞ்சம் பழகுங்கள். விழவும் பிடிக்கவும் உடம்பு முன்கூட்டியே தயாராகும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம் வேண்டாம்.