விதை வங்கி இருக்கும்போது செடிகளைக் காக்கத் தோட்டக்கலைத் திறன் எதற்கு?

விதையைச் சேகரித்து, முளைக்கவைத்து, கன்றைக் காட்டில் பிழைக்கப் பழக்கும் கைத்திறனையே இங்கே தோட்டக்கலை என்கிறோம்.

விதை வங்கியில் விதையை நன்கு உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம் போன்ற மழைக்காட்டு மரங்களின் விதையோ உலர்ந்தாலே செத்துவிடும். நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். கறந்த பாலை அன்றே காய்ச்சியாக வேண்டும், அதுபோல.

ஆகவே விழுந்த விதையைச் சில நாட்களுக்குள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, நிழல்வலைக்கு அடியில் ஈர மணலில் பாதி புதைய விதைக்க வேண்டும். நீர் தேங்கினால் அழுகும். குட்டைப் பையில் வளர்த்தால் ஆணிவேர் சுருண்டு, நட்டபின் முதல் கோடையிலேயே கன்று காய்ந்துவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நீளப் பை அவசியம்.

ஒரே மரத்தின் கிளைகளை வேர்விட வைத்து எடுத்த நூறு பதியன்கள் போதும் என்று நினைப்பது தவறு: மரபில் அவை ஒன்றே என்பதால், ஒரு நோய் அத்தனையையும் வீழ்த்திவிடலாம்.