திண்டுக்கல் அம்மாவுக்கு ஒரு பதில்: தள்ளுபடியை உதவித்தொகை என்று நம்ப வேண்டாம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் கடைசி செமஸ்டர். சிஜிபிஏ 8.1, அரியர் இல்லை, வீட்டிலேயே முதல் பட்டதாரி. அப்பாவுக்குத் தையல் கடை. இங்கிலாந்தில் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு ஒரு கன்சல்டன்சி இடம் வாங்கித் தந்திருக்கிறது. கட்டணம் 19,500 பவுண்டு, அதில் 3,000 பவுண்டு 'ஸ்காலர்ஷிப்', பத்து நாளுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது போய்விடும் என்கிறார்கள். ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நிலத்தையும் தொட வேண்டாம், முன்பணமும் கட்ட வேண்டாம். உங்கள் மகள் வெளிநாட்டில் படிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதைவிட நல்ல வழியில் போகக்கூடியவள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அந்த 3,000 பவுண்டு உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல, கட்டணத்தில் கழிக்கும் தொகை. அது போக 16,500 பவுண்டு கட்ட வேண்டும். தங்க, சாப்பிட மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும். ஒன்பது மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருப்பதாக விசாவுக்கே காட்ட வேண்டும். மருத்துவ வசதிக்கான கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. விசா, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்தால் முப்பது லட்சத்தைத் தாண்டும். ஆடித் தள்ளுபடியில் புடவை வாங்கினால் மிச்சக் காசை நாம்தானே கொடுக்கிறோம்? இதுவும் அப்படித்தான். மாணவரைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருவது இந்தத் தொழிலில் வழக்கம். அதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஆனால் கமிஷன் வராத வழிகளைப் பற்றி அங்கே யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

உண்மையான உதவித்தொகைக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கும். இந்தப் பணத்தை யார் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இங்கிலாந்தின் செவனிங் உதவித்தொகையைத் தருவது அந்நாட்டு வெளியுறவுத் துறை. நாளை தன் நாட்டில் பொறுப்புக்கு வரப்போகிறவர்களை அது தேடுகிறது. அதனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள், படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறார்கள். அமெரிக்காவில் முதுநிலை படிக்க உதவும் ஃபுல்பிரைட்-நேரு மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறது. மார்க் மட்டும் இவர்களுக்குப் போதாது. பிள்ளை இதுவரை என்ன செய்தது, இனி என்ன செய்யப்போகிறது என்று பார்க்கிறார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 'மினி ப்ராஜெக்ட்டுக்காக டேனரி பக்கத்துக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து டெஸ்ட் பண்ணினாள், வெயிலில் கறுத்தே போய்விட்டாள்' என்று. அம்மா, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டது ஊரறிந்த கதை. அதைத் தன் கையால் அளந்து பார்த்த பெண், நிலத்தடி நீரைப் பற்றி மேலே படிக்கப் பணம் கேட்டால், கொடுப்பவர் காது கொடுத்துக் கேட்பார். கன்சல்டன்சி வாங்கிக் கொடுத்திருப்பதோ கட்டுமான மேலாண்மைப் படிப்பு. அதற்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளையே கேட்டுப் பாருங்கள்.

அவளுக்கு நான் முதலில் சொல்வது எராஸ்மஸ் முண்டஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுநிலைப் படிப்பு இது, குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டியிருக்கும். உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. விமானச் செலவு, விசா எல்லாம் அந்த 1,400-க்குள்தான், தனியாகத் தர மாட்டார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் டிரெஸ்டன், போர்ச்சுகலின் லிஸ்பன் மூன்றும் சேர்ந்து நிலத்தடி நீரும் பருவநிலை மாற்றமும் பற்றியே ஒரு படிப்பை உருவாக்கின. இந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. வேலை அனுபவம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். போட்டி மிகக் கடுமை, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை, பல இடங்களில் அதிலேயே பஸ், ரயில் பாஸும் அடங்கும். என் கணக்கில் உலகத்திலேயே பெரிய உதவித்தொகை இதுதான், ஆனால் யாரும் இதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வைத்துவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் அது அவளுக்கே திரும்ப வரும். நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மனித் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் நம் நாட்டு மாணவர்களுக்குக் கட்டாயம், அதற்கே சில வாரங்கள் ஒதுக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு 'டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்' என்று மாதம் 300 யூரோ தரும் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. நம் பிள்ளைகளில் பலர் அதைக் கேள்விப்படாமலேயே படித்து முடித்துத் திரும்பிவிடுகிறார்கள்.

8.1 போதுமா என்று கேட்டீர்கள். ஜெர்மனியில் 1 என்பதே உயர்ந்த மதிப்பு, எண் கூடக் கூடத் தரம் குறையும். முழு மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, அதை முழு மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். நம் முழு மதிப்பு 10, தேர்ச்சி மதிப்பு 5 என்று வைத்துக்கொண்டால், 1.9-ஐ 5-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க 1.14, ஒன்று கூட்டினால் ஏறக்குறைய 2.1. பல படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன. அவள் அந்த எல்லைக்குள் வசதியாகவே இருக்கிறாள்.

மூன்றாவது வழிதான் உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். ஜெர்மானிய கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளரும் நாடுகளின் இளம் அலுவலர்களுக்கென்றே சில முதுநிலைப் படிப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. நீர்வளப் படிப்புகள் அதில் எப்போதும் உண்டு. மாதம் 992 யூரோ, மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு ஒரு தொகை. நிபந்தனை, பட்டம் வாங்கிய பின் குறைந்தது இரண்டு ஆண்டு அந்தத் துறையில் வேலை. பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

'இரண்டு வருஷம் போனால் வயசு ஏறிடும், கல்யாணப் பேச்சு வந்துடும், அப்புறம் எங்கே படிக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் இருபத்தொரு வயதில் முப்பது லட்சம் கடனோடு போகும் பெண்ணுக்கும், இருபத்து நான்கு வயதில் வேலை பார்த்த அனுபவத்தோடு, வேறு யாரோ பணம் கட்டப் போகும் பெண்ணுக்கும் வித்தியாசம் பெரிது. முதல் பெண் அங்கே இறங்கியதும் கடனுக்காகக் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வாள். அடுத்தவள் தனக்குப் பிடித்த வேலைக்காகக் காத்திருக்க முடியும். குடிநீர்த் திட்டங்களில் ஒப்பந்ததாரரிடம் வேலை, நீர்ப் பரிசோதனைக்கூடம், நீர்நிலைகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம், எதுவானாலும் இந்த இரண்டு வருடம் வீணாகாது. சம்பளம் குறைவாக இருக்கலாம். அனுபவச் சான்றிதழில் தேதியும் செய்த வேலையும் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் சமூகம் எது என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்பதில் தவறாக எண்ண வேண்டாம். ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால் உங்கள் வழி வேறு. ஆதிதிராவிடர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 பேர், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பட்டப்படிப்பில் 60 சதவீதம். பழங்குடியினருக்குத் தனித் திட்டம், ஆண்டுக்கு 20 பேர். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் அம்பேத்கர் பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் நடத்துகிறது. இவற்றின் விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், அந்த ஆண்டின் அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இது தெரியாமல் வட்டிக்குப் பணம் வாங்கி அனுப்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், இன்னும் மனசு ஆறவில்லை.

ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892-லிருந்து தரும் உதவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மதிப்புள்ளது, ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். கே.சி. மகிந்திரா தருவதும் வட்டியில்லாக் கடன்தான். மற்ற உதவி போதாதபோது மீதியை ஈடுகட்ட இவை நல்லவை.

இனி விண்ணப்பம். இங்கேதான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். 'சிறு வயதிலிருந்தே எனக்குப் பொறியியலில் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதம் ஆயிரக்கணக்கில் வரும், படிப்பவருக்கு ஒருத்தியின் முகமும் மனதில் நிற்காது. உங்கள் மகள் எந்த ஊர்க் கிணற்றில் எடுத்தாள், எத்தனை மாதிரி, உப்பளவு எவ்வளவு வந்தது, எந்த முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது, அதை விளக்கத் தனக்கு எந்தப் பாடம் தெரியவில்லை, அந்தப் பாடம் அவர்களிடம் எந்த செமஸ்டரில் இருக்கிறது, திரும்பி வந்து என்ன செய்வாள் என்று எழுதட்டும். முதலில் தமிழிலேயே எழுதட்டும். விஷயம் நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டு போகலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தைத் தொடவே கூடாது. தையல் கடை பற்றி ஒரு வரி இருக்கலாம், அனுதாபம் தேடி நான்கு பத்தி வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் பேராசிரியர்கள் பலர் 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார்கள். எழுதிக் கொடுத்தால் மூன்று கடிதமும் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கும், தேர்வுக் குழு கண்டுபிடித்துவிடும். அதற்குப் பதிலாக, அவரிடம் என்ன படித்தாள், ப்ராஜெக்ட்டில் என்ன செய்தாள் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஒரு மாதம் முன்பே பணிவாகக் கொடுக்கட்டும். கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அவர் அனுப்பட்டும், ஜிமெயில் வேண்டாம்.

ஒன்று மறந்துவிடாதீர்கள், பெயர். நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியாது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்தும், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் இருந்ததால் ஒரு பையன் கடைசி வாரத்தில் நோட்டரியைத் தேடி அலைந்து கெடுவைத் தவறவிட்டான். அவனுக்கு முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு. அதிலிருந்து முதல் நாளே கேட்கிறேன். பாஸ்போர்ட்டில் எப்படியோ, அப்படியே எல்லா இடத்திலும். எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்க வாரக்கணக்கில் ஆகும், ரிசல்ட் வந்ததுமே விண்ணப்பித்துவிடட்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், அதனால் இப்போதே அவசரப்பட்டு எழுத வேண்டாம், ஆகஸ்ட் வாக்கில் எழுதட்டும்.

உதவித்தொகை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். செவனிங், ஃபுல்பிரைட்-நேரு போன்ற உதவித்தொகைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. முழு உதவித்தொகை கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரும்வரை சமாளிக்க ஒன்றிரண்டு லட்சம் வேண்டும். அதற்குச் சீட்டோ நகையோ போதும், நிலம் வேண்டியதில்லை.

கன்சல்டன்சிக்கு இந்த வாரமே போன் செய்து, இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வற்புறுத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள். கிணற்று நீர் அளவுகளை மகள் எழுதிவைத்த அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். செமஸ்டர் முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போய்விடப் போகிறது. எடுத்து பீரோவில் வையுங்கள். ஜூன் மாதம் அவளையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கடிதம் எழுதத் தொடங்கலாம்.