பனிப்புயலில் போன சம்பளம்: கடன் எடுக்கவா, சீட்டைக் கூறவா?

கேள்வி: அண்ணா, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். வெயர்ஹவுஸ் வேலை, மணிக்கு 19 டொலர். போன மாதப் பனிப்புயலில் நான்கு ஷிப்ட் போய்விட்டது. ஐந்தாம் நாள் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், ஒரு மணி நேரத்தில் "லொறி வரவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாடகைக்கு 600 டொலர் குறைகிறது. பேடே லோன் (அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கட்டும் சிறுகடன்) எடுக்கவா, சீட்டைக் கூறவா (கழிவு கொடுத்து என் முறைக்கு முன்பே எடுக்கவா)? மாதம் 500 டொலர், 10 பேர் சீட்டு. இப்போது எடுத்தால் 600 கழிவு போகும்.

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி.

பேடே லோனுக்கு 100 டொலருக்கு 14 டொலர் வரை வாங்கலாம். 600 எடுத்தால் அடுத்த சம்பளத்தில் 684 போய்விடும். அந்தச் சம்பளத்தில் அவ்வளவு குறைந்தால் மறுபடி அதே கடைப் படிதான் ஏற வேண்டும். சீட்டு இன்னும் மோசம். 600 டொலர் ஓட்டையை அடைக்க 600 டொலரைத் தூக்கிக் கொடுப்பதா?

பழைய பாக்கி இல்லாத கிரெடிட் கார்ட் இருக்கிறதா? இந்த மாதச் சாப்பாட்டுச் சாமான், போன் பில் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். மிஞ்சும் காசு வாடகைக்கு. கெடு திகதிக்குள் முழுதாகக் கட்டினால் வட்டி இல்லை. தவறினால் சாமான் வாங்கிய நாளிலிருந்தே வட்டி வரும், ஆனாலும் 20 வீதக் கார்டில் 600க்கு மாதம் சுமார் 10 டொலர்தான். கார்டிலிருந்து காசாக மட்டும் எடுக்காதீர்கள். அதற்கு அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும்.

அப்புறம் அந்த ஐந்தாம் நாள். ஒன்ராறியோ சட்டப்படி, வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை வரவழைத்து அதற்கு முன் அனுப்பினால் மூன்று மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 38 டொலர். ஆனால் புயலாலேயே வேலை நின்றுபோனால் முதலாளிக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்க உங்களை மட்டும் அனுப்பினார்களா? அப்படியானால் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தொழில் அமைச்சில் இலவசமாக முறையிடலாம், இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. வேலையிழப்புக் காப்புறுதியை நம்பாதீர்கள். தொடர்ந்து ஏழு நாளாவது வேலையும் சம்பளமும் இல்லாமல் இருக்க வேண்டும்.

2022 ஜனவரி 17 புயல் நினைவிருக்கிறதா? ரொறன்ரோவில் பெரிய நெடுஞ்சாலைகளையே மூடினார்கள், பஸ்கள் நூற்றுக்கணக்கில் சிக்கி நின்றன. அன்று நான் மூன்று மணி நேரம் தோண்டிக் காரை வெளியே எடுக்க, ஸ்நோ அள்ளும் வண்டி வந்து வாசலை மறுபடி மூடிவிட்டுப் போனது. மாதச் சம்பளக்காரனுக்கு அது சிரித்துச் சொல்லும் கதை. உங்களுக்கு எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் ஒரு நாளில் 152 டொலர் போய்விடும்.

பனி ஒவ்வொரு வருடமும் வருகிறது, அதைத் திடீர்ச் செலவு என்று எழுதாதீர்கள். நான்கு ஷிப்ட் 608, பஸ் ஓடாத நாள் டாக்ஸிக்கு 200 என்று வைத்தால் சுமார் 800. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மாதம் 100 போட்டால் சரி. வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். ஜனவரியில் எடுத்தால் வரி இல்லை, எடுத்த அளவு இடம் அடுத்த ஜனவரியில் திரும்பி வரும். சீட்டு உங்கள் முறைக்கு வரும்போது கழிவில்லாமல் எடுத்து, முதல் 800ஐ அங்கேயே போட்டுவிடுங்கள்.