மகள் கல்யாணத்துக்குள் கையிலிருக்கும் தேளை அழிக்க முடியுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 56. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், பாதுகாவல் மேற்பார்வையாளர் வேலை. பதினேழு வயதில் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, தையல் ஊசியில் நூலைச் சுற்றி மையில் தொட்டு, கூட்டாளி ஒருவன் என் வலது முன்கையில் ஒரு தேளும் அதன் கீழே மூன்று எண்களும் குத்திவிட்டான். அன்றைக்கு அது பெருமை. இன்றைக்கு எந்த வெயிலிலும் எனக்கு முழுக்கைச் சட்டைதான். தை மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் முன்னால் இந்தக் கையை நீட்டித் தாரை வார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அதற்குள் லேசரில் எடுத்துவிட முடியுமா? எனக்கு இனிப்புநீர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். பள்ளியில் காசநோய்த் தடுப்புக்காகப் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு தோளில் கட்டிபோலத் தடித்து நிற்கிறது. ஜோகூரில் ஓர் அழகு நிலையத்தில் களிம்பு பூசியே எடுத்துவிடுகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். இதற்கு நடுவில் 22 வயது இளைய மகள் தானும் பச்சை குத்தப் போகிறேன் என்று நிற்கிறாள். கேட்டால், “உங்க காலம் வேற அப்பா” என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: முதலில் தேதியைப் பேசிவிடுவோம். தை மாதத்துக்குள் முழுதாகப் போகாது. லேசர் ஒரு தடவை அடித்தால் அடுத்த தடவைக்குக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விடுவது நல்லது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் கருத்தோ திட்டுத்திட்டாகவோ இருக்கும். கணக்குப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு தடவைக்குத்தான் நேரம். இரண்டு தடவையில் மை பாதி போயிருக்கும், பாதி நிற்கும். முழுப் பச்சையைவிடப் பாதி அழிந்த பச்சைதான் கண்ணை அதிகம் இழுக்கும்.

அதனால் கல்யாண நாளுக்கு வேறு வழி சொல்கிறேன். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வருபவரிடமே உங்கள் கையையும் கொடுங்கள். பழைய மையின் நீலத்தை அடக்க முதலில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய பூச்சு, அது காய்ந்ததும் தோல் நிறத்தில் கன்சீலர், மேலே பவுடர். நேராகத் தோல் நிறத்தைப் பூசினால் அடியிலிருந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். தாரை வார்க்கும்போது கையில் தண்ணீர் ஓடும் என்பதால் தண்ணீருக்குக் கலையாத பூச்சு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முன்னால் வீட்டில் பூசிக் குழாயில் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

லேசரை நிதானமாகப் பிறகு செய்யலாம். இதில் உங்களுக்குச் சாதகமான விஷயங்கள் சில இருக்கின்றன. ஊசி ஏற்றும் மை தோலின் மேல்படலத்தைத் தாண்டி உள்தோலில் போய்த் தங்குகிறது. கிருமியை விழுங்கும் வேலை பார்க்கும் அணுக்கள் மைத்துகளையும் விழுங்கிக்கொள்கின்றன, ஆனால் அவற்றால் அதைச் செரிக்க முடிவதில்லை. ஓர் அணு செத்தால் அது கக்கும் மையைப் பக்கத்தில் இருப்பது எடுத்துக்கொள்கிறது. எலிகளை வைத்துப் பிரான்சில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாயிற்று. நாற்பது வருடமாகியும் தேள் உங்கள் கையைவிட்டு நகராததற்குக் காரணம் இதுதான். லேசர் அந்த மைத்துகளை உடைத்துப் பொடியாக்குகிறது, பொடியை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துகிறது. கறுப்பு மைதான் லேசருக்கு எளிதாக மசியும். பழைய பச்சை புதியதைவிடச் சீக்கிரம் வெளுக்கும். கைவேலையாகக் குத்தியதில் மையின் அளவு பெரும்பாலும் குறைவு. ஆனால் தையல் ஊசி ஒரே ஆழத்தில் இறங்கியிருக்காது, அதனால் சில புள்ளிகள் மட்டும் பிடிவாதமாக நிற்கும்.

பாதகமான பக்கம் தோல். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் லேசர் ஒளியை உறிஞ்சும். தவறான அலைநீளத்தில் அடித்தால் மையோடு சேர்த்து உங்கள் சொந்த நிறமும் போய்விடும். இப்படிப்பட்ட கைகளைப் பார்த்திருக்கிறேன்: கறுப்பில் எழுதிய பெயர் போய், அதே பெயர் வெள்ளையில் நிற்கும், தூரத்திலிருந்தே படிக்கலாம். மாநிறம், கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது. கிளினிக்கில் இதை நேராகக் கேளுங்கள். பதிலில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய பிசிஜி தழும்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊசி போட்ட இடம் எல்லையைத் தாண்டித் தடித்துக் கட்டியாய் நிற்பது கீலாய்டாக இருக்கலாம். அப்படிப்பட்ட உடம்பில் லேசர் புண்ணும் தடிக்கக்கூடும். முன்கையில் தோளைவிட ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் முதல் நாளே முழுத் தேளையும் அடிக்கவிடாதீர்கள். கொடுக்கு நுனியில் சிறு இடத்தில் மட்டும் சோதித்து, இரண்டு மாதம் காத்திருந்து, தோல் எப்படி ஆறுகிறது என்று பார்த்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

இனிப்புநீர் இருப்பதால் லேசரே கூடாது என்றில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரை ஏறிக்கிடந்தால் கொப்புளம் ஆறாது, சீழ் பிடிக்கும். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அதையும் விடுங்கள், புகைப்பவர்களுக்கு மை மெதுவாகத்தான் கரைகிறது.

லேசர் அறையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் முன்னால் மரப்புக் களிம்பு பூசுவார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொரு அடியும் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டதுபோல் சுளீர் என்று படும். அடித்த இடம் உடனே சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுக்கும். அது தோலுக்குள் உண்டாகும் வாயுக் குமிழிகள், கால் மணி நேரத்தில் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். மறுநாள் கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள். வாசலின் தடவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டுங்கள். வெயில் கூடவே கூடாது. முழுக்கைச் சட்டை உங்களுக்குப் பழக்கம்தானே.

ஜோகூர் களிம்பை மறந்துவிடுங்கள். மை இருப்பது உள்தோலில். மேலே பூசும் களிம்பு அங்கே போக வேண்டுமானால் மேல்தோலை எரித்துக்கொண்டுதான் போக வேண்டும். இப்படி விற்பவற்றில் சில அமிலம். இனிப்புநீரும் கீலாய்டும் உள்ள கையில் அமிலம் பட்டால் தேளைவிடப் பெரிய தழும்போடு திரும்புவீர்கள்.

அடுத்த முறை இனிப்புநீர் பரிசோதனைக்குப் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது கையையும் தோளையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் தேசிய சரும நிலையத்துக்கு எழுதித் தரலாம். பச்சையை அழிப்பது அழகுக்கான சிகிச்சை என்பதால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தைத் தொட முடியாது. ஒரு தடவைக்கே சில நூறு வெள்ளி ஆகலாம், பல தடவை தேவைப்படும்.

அந்தச் செலவைக் குறைக்க ஒரு யோசனை. எண்களை மட்டும் எடுங்கள், தேள் இருக்கட்டும். உங்களை உறுத்துவது எது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கையில் எண் என்றால் ரகசியக் கும்பல் என்று ஊரே படித்துவிடும். 1955ஆம் ஆண்டின் குற்றவியல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்கீழ், கும்பலோடு தொடர்புடையவர் என்று கருதினால் நீதிமன்ற விசாரணை இல்லாமலே காவலில் வைக்க முடியும். பையன் கையில் மையைக் கண்டு பெற்றோர் அலறியதற்கு அர்த்தம் இருந்தது. அதே வீட்டில் பாட்டியின் முன்கையில் கோலம் இருந்திருக்கும், அதை யாரும் குறை சொன்னதில்லை! இன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குத் தைப்பூசக் காவடி போகும்போது பாருங்கள். வெற்று முதுகில் முருகனையும் வேலையும் மயிலையும் குத்திக்கொண்டு எத்தனை பையன்கள் நடக்கிறார்கள், சுற்றி நிற்பவர்கள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். தனித்தேளைப் பார்த்து இன்று எந்தச் சம்பந்தியும் மிரளமாட்டார். கேட்டால் விருச்சிக ராசி என்று சொல்லிவிடுங்கள்.

எண்கள் சிறியவை. சிறிய இடம் என்றால் சீக்கிரம் முடியும், தழும்பு வந்தாலும் சிறிதாக வரும். முழுதும் போக வேண்டும் என்று உங்களுக்கே பட்டால் செய்துகொள்ளுங்கள், அதில் தவறில்லை. லேசருக்குப் பிறகு மைப்பொடியின் ஒரு பகுதி அக்குள் நெறிகட்டிகளில் போய்த் தங்கும். பின்னாளில் அங்கே ஏதாவது ஸ்கேன் எடுத்தால் பச்சை இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இளைய மகளுக்கு. காலம் வேறு என்று அவள் சொல்வது சரி, ஆனால் தோல் உங்களுடையது. கீலாய்டு குடும்பத்தில் ஓடும். அவள் காது குத்திய இடத்தையும் பிசிஜி தழும்பையும் தடவிப் பாருங்கள். தடித்திருந்தால் என் பதில் வேண்டாம் என்பதுதான். இல்லையென்றால், வயது வந்த பெண், முடிவு அவளுடையது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று பார்க்கட்டும். ஃபார் ஈஸ்ட் பிளாசா பச்சைக் கடையோ வேறு இடமோ, ஊசியை உறையிலிருந்து தன் கண் முன்னால் பிரிக்கச் சொல்லட்டும். மச்சத்தின்மேல் குத்தக்கூடாது, மச்சம் மாறினால் தெரியாமல் போகும். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது, பச்சை நிறமும் மஞ்சளும் லேசருக்கு எளிதில் மசியாது. புற்றுநோய் வருமா என்று கேட்பாள். 2024இல் சுவீடனில் வந்த ஓர் ஆய்வு, பச்சை குத்தியவர்களிடம் நிணநீர்ப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிவதாகச் சொன்னது. பச்சைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. லேசர் இருக்கிறதே, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தால், நீங்கள் சிகிச்சைக்குப் போகும் முதல் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.