கான்டாக்டர் 'டக்' என்றதும் போர்டு ரீசெட்: ப்ராஜெக்ட் லேப் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறேன். ப்ராஜெக்ட் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன்.

பாலக்கோடு, மூன்றாம் ஆண்டு மாணவி: அப்பாவின் கிணற்று மோட்டாரை போனில் இயக்க ஆர்டுயினோவும் (புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டு) ரிலேயும் (அந்த போர்டு தட்டும் சின்ன மின்சார ஸ்விட்ச்) வைத்தோம். ஸ்டார்ட்டருக்குள் மோட்டாரை இயக்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டர் விடும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது. புரோகிராம் தப்பா சார்?

புரோகிராமைத் தொடாதேம்மா. கான்டாக்டர் வயரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் ஐம்பது தடவை தட்டிப் பார். தொடக்கத்தில் 'வந்துட்டேன்' என்று ஒரு வரி அச்சிட வைத்தால், சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் வரிகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் திரை) அது மறுபடி வரும்போது ரீசெட் தெரிந்துவிடும். அப்போதும் ரீசெட் ஆனால் 5 வோல்ட் சப்ளை தாங்கவில்லை. சின்ன ரிலே காயிலே 70, 80 மில்லி ஆம்ப் இழுக்கும். ஆகவில்லை என்றால் சிக்கல் கான்டாக்டர் காயிலில். கரண்டை வெட்டியதும் அதில் தேங்கிய காந்த சக்தி ரிலே முனையில் பொறியாகத் தாவும். அந்த இரைச்சல் பக்கத்து வயர் வழியாக போர்டுக்குள் வரும். ரிலே காயிலுக்குப் போட்ட 4007 டயோடு இதைத் தடுக்காது. ஏசி காயிலுக்குக் குறுக்கே டயோடு போடவும் கூடாது, ஸ்னப்பர்தான் (பொறியை அடக்கும் ரெசிஸ்டர், கெபாசிட்டர் ஜோடி) வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. மும்முனை ஸ்டார்ட்டரில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட். உன் நீல ரிலேயின் முதுகைப் படித்துப் பார், 250 வோல்ட் ஏசி என்றிருக்கும். அது இந்த வேலைக்கே ஆகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரல் இருந்தால் 230 வோல்ட் காயில் மாற்றச் சொல். மெயின் ஸ்விட்சை இறக்கி மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் மூடியைத் திறக்காதே.

ஊத்தங்கரை, இறுதியாண்டு: நல்ல தலைப்பு சொல்லுங்க சார்.

வீட்டில் எது தொல்லை தருகிறதோ அது.

தருமபுரி, இளம் ஆசிரியர்: ப்ராஜெக்டுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

ஓடுகிற சர்க்யூட்டுக்குக் கொஞ்சம், ஓடாததை ஓட வைத்ததற்கு நிறைய. மாணவர்கள் சாப்பிடப் போனபோது நான் 1 கிலோ ஓம் இருந்த இடத்தில் 10 கிலோ ஓம் சொருகிவிடுவேன். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் நிறக் கோடுகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு; மற்றதில் மூன்றாவது நிறம் ஆரஞ்சு. ஒரு குழு நாற்பது நிமிடம் என்னைத் திட்டிக்கொண்டே தேடியது. அந்த நாற்பது நிமிடத்தையும் அவர்கள் நோட்டில் எழுதியிருந்தார்கள், அதற்குத்தான் மதிப்பெண்.

ஓசூர், கம்பெனி ஊழியர்: இதெல்லாம் வீண். கம்ப்யூட்டரிலேயே சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் போதும்.

சிமுலேட்டரில் வயர் லூஸ் ஆகாது சார். பார்ட்ஸைச் சொருகிப் பார்க்கும் நீளமான சில பிரெட்போர்டில் பவர் கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கும், அதையும் அது சொல்லாது.

ஓசூர் மறுபடி: எங்களிடம் போர்டு அடிக்கும் முன் சிமுலேஷன் கட்டாயம்.

'முன்' என்று நீங்களே சொல்கிறீர்களே! பின்னால் என்ன செய்கிறீர்கள்?

பர்கூர் மாணவர்: அவர் சொல்றதும் சரிதான் சார். எரிஞ்ச பார்ட்ஸுக்குக் காசு எங்க கையிலிருந்து போகுது.

இது நியாயம். அதனால் முதலில் சிமுலேஷன், பிறகு மூன்று பேருக்கு ஒரு கிட். மண் ஈர சென்சாரை மட்டும் நேரே நனைத்துப் பாருங்கள். ரெண்டு முள் இருக்கும் வகைக்கு எப்போதும் கரண்ட் கொடுத்தால் ஈர மண்ணில் செம்பு அரித்துப்போகும். எந்தத் திரையில் அது தெரியும்? ஓசூர் சார், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஓசூர்: உலோகம் மண்ணில் படாத கெபாசிட்டிவ் சென்சார் வாங்கச் சொல்லுங்கள்.

சரி, இதில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

பென்னாகரம்: எல்.இ.டி. ரெசிஸ்டர் இல்லாமலே எரியுதே?

இன்றைக்கு எரியும். 5 வோல்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு 2 போக மீதி 3. 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்ப். ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின்னிடம் (முனை) 20 மில்லி ஆம்புக்கு மேல் கேட்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்: தலைப்பு ஒண்ணு...

மேலே ஊத்தங்கரை.

அரூர்: ரெடிமேடு ப்ராஜெக்ட் வாங்கலாமா?

வைவாவில் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருப்பேன்.

பாலக்கோடு மறுபடி: ரிலேயை மட்டும் தட்டினோம் சார், ரீசெட் ஆகல. இப்ப ஸ்டார்ட்டரைத் திறக்கப் போறோம். மெயின் இறக்கிட்டோம்.

மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?