கும்பகோணத்தில் ஒரு சாக்லேட் கடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பகல் முழுவதும் சாக்லேட் கடைகளாக ஏறி இறங்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகன் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறான். வினை அங்கேதான் தொடங்கியது. தஞ்சாவூர் நிப்டெம்மில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். பிஸ்கட் ஆலையில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் கையால் செய்யும் சாக்லேட் கடை வைக்கப் போகிறானாம். அதற்கு முன் புதுச்சேரி, சென்னை, மைசூர், ஊட்டி என்று கடை கடையாகச் சுற்றித் தின்று பார்க்க வேண்டுமாம். "இதுவும் படிப்புதான் அப்பா" என்கிறான்.

நான் கூட்டுறவு வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே தலை நரைத்தவன். ஆகவே கேட்கிறேன். கடைகளைச் சுற்றித் தின்பதில் என்ன படிப்பு இருக்கிறது? தார் உருகும் சித்திரையில் எங்கள் ஊரில் சாக்லேட் நிற்குமா? திருவையாற்று அசோகாவும் டிகிரி காபியும் இருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலக் கட்டி ஒன்றுக்கு இருநூறு ரூபாய் யார் கொடுப்பார்கள்? என்னையும் உடன் வரச் சொல்கிறான். எனக்கோ நெடுநாளாகச் சர்க்கரை நோய்.

க.,
கும்பகோணம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

மேசைக் கண்ணாடிக்கு அடியில் வழக்கமாகச் சாமி படமும் காப்பீட்டு ரசீதும்தான் இருக்கும். அந்த வரிசையில் எனக்கும் இடம் கொடுத்தார் என்பதற்காக உங்கள் மகன் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கடிதத்தைப் படித்தேன். ஆனாலும் சாய வேண்டித்தான் இருக்கிறது. அவர் போகட்டும். ஆனால் நாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பணம் வீண். ஒவ்வொரு கடையிலும் அவர் கேட்டு வர வேண்டியது ஒன்றே ஒன்று: இவர்கள் எதிலிருந்து தொடங்குகிறார்கள்?

உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். காபித்தூள் கடையில் நின்று "பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி வேண்டாம்" என்று சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்கிப் பழகியவர்கள் நீங்கள். எந்தக் கொட்டை, எவ்வளவு வறுப்பு, கலப்பு என்ன என்று கேட்பது உங்களுக்கு அன்றாட வழக்கம். அதே கேள்வியைச் சாக்லேட் கடையில் கேட்க நமக்கு ஏனோ வாய் வருவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தால் வாயை மூடிக்கொள்கிறோம்.

கேட்டால் மூன்று விதமான பதில் வரும். சிலர் கோகோ விதையை வாங்கித் தாங்களே வறுத்து, தோல் நீக்கி, அரைக்கிறார்கள். சிலர் பெரிய ஆலையில் செய்த நல்ல சாக்லேட்டை வாங்கி உருக்கி, தங்கள் கைவண்ணத்தைக் காட்டுகிறார்கள். மூன்றாம் வகையில் கோகோ வெண்ணெய், அதாவது விதையில் இருக்கும் கொழுப்பு, கிடையாது. அதன் இடத்தில் வேறு தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனைவகை எண்ணெய், கொஞ்சம் கோகோத் தூள், நிறையச் சர்க்கரை. இதற்குக் காம்பவுண்ட் என்று பெயர். 'கையால் செய்தது' என்ற பலகை மூன்று கடைகளிலும் தொங்கும். மூன்றிலுமே யாரோ ஒருவர் கையால் எதையோ செய்திருக்கிறார் என்பதால் பலகையைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

மகன் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் கட்டுரை எதைப் பற்றியதோ, அந்த பிரஸ்ஸல்ஸில் பெரும்பாலான கடைகள் இரண்டாம் வகை. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 1847இல் திறந்த செயின்ட் ஹூபர்ட் கண்ணாடிக் கூரை அங்காடியில், 1857இல் ழான் நொய்ஹவுஸ் என்பவர் மருந்துக்கடை வைத்தார். அவருடைய பேரன் 1912இல் சாக்லேட் ஓட்டுக்குள் மென்மையான பூரணத்தை அடைத்தார். பெல்ஜியத்தார் பிராலின் என்று கொண்டாடுவது அதைத்தான். அந்த ஓடு காகிதப் பையில் நசுங்கிப் போனதால், பேரனின் மனைவி லூயிஸ் அகோஸ்தினி 1915இல் அதற்கென்று ஓர் அட்டைப்பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அந்த நகரத்தில் பரிசுப் பெட்டி ஏறக்குறைய அதே உருவம்தான். ஆக, அந்த ஊரின் புகழ் விதையை வறுத்ததால் வந்ததன்று. ஓட்டை எவ்வளவு மெல்லியதாக வார்ப்பது, பூரணத்தை எத்தனை நாளுக்குள் விற்றுத் தீர்ப்பது, எப்படிப் பெட்டியில் அடுக்குவது என்பதால் வந்தது. விதையிலிருந்து தொடங்குபவர்களும் அங்கே உண்டு. சாப்லோன் சதுக்கத்தில் கடை வைத்திருக்கும் பியேர் மார்கொலினி அவர்களில் பெயர் பெற்றவர். ஆனால் மற்றவர்கள் அதற்காகக் கூசுவதில்லை. ஆலைச் சாக்லேட்டை உருக்குவது குறைவான தொழில் இல்லை. உருக்கிவிட்டு 'விதை முதல் நாங்களே' என்று எழுதி வைப்பதுதான் குறைவு.

அங்கே எனக்குப் பிடித்த பழக்கம் இன்னொன்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்றைக் கைகாட்டினாலும், கையுறை போட்ட பெண் முகம் சுளிக்காமல் எடைபோட்டுக் கொடுப்பார். கையால் செய்யும் சாக்லேட் விற்கும் நம் கடைகள் பலவற்றில் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். நூறு கிராம் காராசேவுக்கு ஒரு கை ருசி பார்க்கத் தரும் ஊரில் இது எடுபடாது என்று மகனிடம் சொல்லுங்கள்.

சரி, நம் பக்கத்துச் சுற்றுக்கு வருவோம். ஊட்டியை அடித்துவிடலாம். குளிருக்குப் போகட்டும், பாடத்துக்கு வேண்டாம். அங்கே 'ஹோம்மேட்' என்று விற்பதில் பெரும்பாலானவை ஆலைப் பாளத்தை உருக்கி முந்திரியும் திராட்சையும் போட்டு வார்த்தவை. நாலு கடை பார்த்தாலும் ஒரு கடை பார்த்ததுதான். ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ கட்டாயம். தென்னிந்தியத் தோட்டங்களின் விதையை வாங்கித் தாங்களே அரைக்கிறார்கள். சிதம்பரம், கடலூர் வழியாகக் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். சென்னையில் கோகோட்ரெய்ட்டைப் பார்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. பருத்திக் கழிவும் கோகோ விதைத் தோலும் சேர்த்துச் செய்த தாளில் சுற்றுகிறார்கள். மைசூரில் நவிலுனா உண்டு.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான இடம், உங்கள் மகனின் பட்டியலில் இல்லாத ஆனைமலை. அங்கே தென்னந்தோப்பு நிழலில் கோகோ ஊடுபயிர். அந்த வட்டாரத்தில் தங்கள் தோட்டத்து விதையைத் தாங்களே சாக்லேட் ஆக்கும் நிறுவனமும் இருக்கிறது. பலாவைப் போல அடிமரத்திலேயே காய் தொங்கும். உடைத்தால் வெள்ளைச் சதை பொதிந்த விதைகள். சதையைச் சப்பினால் இனிப்பும் புளிப்புமாக இருக்கும், சாக்லேட்டின் சாயலே இருக்காது. அந்தச் சதையோடு விதைகளைப் பெட்டியில் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். குவியல் தானாகவே சூடேறி 45, 50 டிகிரி வரை போகும். சாக்லேட்டின் மணத்துக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுகிறது. புளிக்காத விதையை எந்த மன்னன் வறுத்தாலும் கசப்பும் துவர்ப்பும்தான். ஒரு கூடைக் காயை வாங்கி வந்து கொல்லையில் முயன்று பார்க்கலாம் என்று மகன் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். குவியல் சிறிதாக இருந்தால் சூடு ஏறாது, பூசணம்தான் ஏறும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புக்காரர்களிடம் ஊடுபயிர் பற்றி அவர் பேசிப் பார்க்கட்டும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையை வேரோடு இழந்தவர்கள் அவர்கள். காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும் மரத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும்.

போகும் ஒவ்வொரு இடத்திலும் அரைக்கும் அறையைப் பார்க்கக் கேட்கட்டும். அங்கே அவருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விதையிலிருந்து சாக்லேட் செய்யத் தொடங்கிய சிறு தயாரிப்பாளர்களுக்குப் பெரிய ஆலை எந்திரம் வாங்கக் காசில்லை. அவர்கள் கண்டெடுத்தது நம் மாவு அரைக்கும் வெட் கிரைண்டரை. மோட்டாரையும் மற்றதையும் கொஞ்சம் மாற்றி, நாள்கணக்கில் நிற்காமல் ஓடும்படி செய்துகொண்டார்கள். இன்று உலகத்தின் பல மூலைகளில் சிறிய சாக்லேட் கடையின் பின்னறையில் உருள்வது கோயம்புத்தூர் வழிவந்த கருங்கல். இதைக் கேட்டுவிட்டு வீட்டு கிரைண்டரில் கோகோவைப் போட்டுவிட வேண்டாம். உளுந்து அரை மணியில் அரைபடும். கோகோவுக்கு இரண்டு நாள்கூட ஆகலாம். மோட்டார் கருகிப் போகும், வீட்டில் இட்லியும் போகும். புயல் மாதங்களில் மின்சாரம் போனால் அந்த இரண்டு நாள் ஓட்டம் என்ன ஆகும் என்பதை இப்போதே யோசிக்கட்டும்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மூன்று கேள்விகளில் கனமானது இதுதான். கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகும். உடம்பின் சூட்டுக்குச் சற்றுக் கீழே என்பதால்தான் நல்ல சாக்லேட் வாயில் வைத்ததும் இளகுகிறது. அந்தக் குணமே சித்திரையில் எமன். கத்திரி வெயிலில் தஞ்சை வட்டாரம் 38, 40 என்று போகும்போது, கடைக்குள் குளிர்சாதனம் இருந்தாலும் வாங்கியவர் மகாமகக் குளத்தைத் தாண்டுவதற்குள் பொட்டலம் குழைந்துவிடும். உருகி மறுபடி இறுகினால் மேலே வெண்மை படரும். பூசணம் இல்லை, கொழுப்பு இடம் மாறியதுதான், தின்னலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் இதை எத்தனை பேருக்கு விளக்குவது? குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வேறு வம்பு: வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து, சர்க்கரை கரைந்து சொரசொரப்பாகும். என் கருத்து, பங்குனி பாதி முதல் ஆனி வரை கட்டி விற்பதையே நிறுத்திவிட வேண்டும். அந்த மாதங்களில் பாலில் கலக்கும் கோகோத் தூளும் குளிர்ந்த பானமும் போதும். ஆண்டு முழுக்க எல்லாம் கிடைக்கும் என்று சொல்லும் கடையில் காம்பவுண்ட் நுழைந்துவிடும். அதன் கொழுப்புக்கு வெயில் அவ்வளவு பயமில்லை.

இருநூறு ரூபாய் யார் கொடுப்பார்கள் என்பதற்குச் சந்தைக் கதை ஒன்று. பல ஆண்டுகள் டன் 2,000, 3,000 டாலரில் கிடந்த கோகோ, ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் மழையும் நோயும் விளைச்சலைக் கெடுத்ததால், 2024இல் 10,000 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கியது. இப்படி ஆடும் பொருளை நம்பித் தொடங்கும் கடைக்குக் கையில் இருப்பு வேண்டும். வங்கிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அசோகாவோடு போட்டி என்று நினைக்காதீர்கள். அசோகா வாங்குகிறவர் அசோகாதான் வாங்குவார். புதிய கடைக்கு வருகிறவர் காபித்தூள் கடையில் கலப்பு விகிதம் கேட்கும் அந்த ஆள்தான், அவர் உங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

மகனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உடனே வெற்றிலைச் சாக்லேட் செய்யத் தோன்றும். முதல் ஆண்டு வேண்டாம். உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டு ஈரம் பட்டாலே மொத்தமும் கட்டிதட்டிப் போகும், பச்சை இலை அங்கே விருந்தாளி இல்லை. முதலில் கோகோவும் சர்க்கரையும் மட்டும் போட்ட ஒரு கறுப்புக் கட்டியை ஒழுங்காகச் செய்து காட்டட்டும்.

உங்கள் சர்க்கரை நோய்க்கு: தாராளமாகப் போங்கள். எழுபது சதவீதம் என்று போட்டிருந்தால் விதையும் அதன் வெண்ணெயும் சேர்ந்து எழுபது, மீதி ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரை. ஆகவே கறுப்பு என்றால் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; மருத்துவரைக் கேட்டுவிட்டு ஒரு துண்டோடு நிறுத்துங்கள். 'சர்க்கரை இல்லாதது' என்று தனியாக விற்பதைத் தொடாதீர்கள், அதில் சேர்க்கும் மாற்று இனிப்புகள் சிலவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், பஸ் பயணத்தில் வயிற்றையும் சோதிக்கும். மார்கழியிலோ தையிலோ கிளம்புங்கள், வாங்கியது வீடு வரை வந்து சேரும்.

அன்புடன்.